மர வில்: பிடி செதுக்குவதும் நாணை நடுவில் நிறுத்துவதும்

முதல் வில் செய்பவர்கள் பெரும்பாலும் பிடியில்தான் கை வைக்கிறார்கள். கைக்குப் பொருந்தும்படி அழகாகச் செதுக்கி, அம்பு உட்காரும் இடத்தையும் வெட்டி முடித்த பிறகுதான் நாண் ஏற்றிப் பார்க்கிறார்கள். நாண் பிடியின் நடுவில் வராமல் ஓரத்தில் ஓடுகிறது. அப்போது திருத்துவதற்கு மரம் மிச்சம் இருக்காது. நாண் எங்கே ஓடுகிறது என்று தெரிந்த பிறகே பிடியின் பக்கங்களைத் தொட வேண்டும். கீழே உள்ள வரிசை முழுவதும் இதற்காகத்தான்.

எடுத்துக்கொண்டிருப்பது 66 இன்ச் நீளமுள்ள, பிடி வளையாத, தட்டையான லிம்ப் (பிடிக்கு மேலும் கீழும் வளையும் கை) கொண்ட வில். 28 இன்ச் இழுப்பில் 40 முதல் 45 பவுண்டு இழுவிசை; கீழே ‘எடை’ என்பது இதுதான். வலது கையால் நாண் இழுப்பவருக்கானது. முக்கால் இன்ச் தடிமன் ஆஷ் அல்லது ஹிக்கரி பலகையில், பிடிக்குத் தனிக் கட்டை ஒட்டிச் செய்வது. ஒசேஜ் ஆரஞ்சு மாதிரி மரத்தில் ஒரே கட்டையில் செய்பவர்கள் ஒட்டும் பகுதியைத் தாண்டிவிடலாம். வில்லின் முதுகு என்பது எய்பவருக்கு எதிர்ப்புறம், வயிறு என்பது நாண் இருக்கும் புறம். அளவுகள் தச்சு வழக்கப்படி இன்ச்சிலும் நூலிலும். 8 நூல் ஒரு இன்ச்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மர அரம், அரைவட்ட அரம், 4 மில்லிமீட்டர் வட்ட அரம் (சங்கிலி ரம்பம் கூர்தீட்டுகிற அரம் போதும்), சுரண்டும் தகடு, மூலைமட்டம், 6 சி-கிளாம்ப், ஹீட் கன், முறுக்கில்லாத மெல்லிய நூல், நல்ல பென்சில். மின்சார சாண்டரைப் பிடி வேலை முடியும் வரை ஓரமாக வையுங்கள். அது ஒரு நொடியில் எடுக்கும் மரத்தைத் திரும்ப வைக்க முடியாது.

பலகையில் ரேகை (மர நார் ஓடும் கோடு) ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை நேராக ஓட வேண்டும். 20 இன்ச்சுக்கு 1 இன்ச்சுக்கு மேல் ரேகை ஓரத்தைவிட்டு விலகினால் அந்தப் பலகையை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுங்கள். ரேகை விலகிய லிம்ப் உடையாமல் தப்பினாலும் வளையும்போது முறுக்கிக்கொள்ளும், நாணைத் தன் பக்கம் இழுக்கும்.

2. நடுக்கோடு: பலகையின் ஓரத்தை நம்பாதீர்கள்

பலகை ஓரம் நேராகத் தெரியும், ஆனால் இருக்காது. இரண்டு நுனியிலும் அகலத்தின் நடுவைக் குறித்து, ஆணி அடித்து, நூலை விறைப்பாகக் கட்டுங்கள். நூல் விழும் இடத்தில் 6 இன்ச்சுக்கு ஒரு புள்ளி வைத்து, பிறகு நூலை எடுத்துவிட்டுப் புள்ளிகளைச் சேருங்கள். மற்ற எல்லா அளவும் இந்தக் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து மட்டும் அளந்தால் பலகையின் கோணல் அப்படியே வில்லுக்குள் வந்துவிடும்.

நீளத்தின் நடுவிலிருந்து மேலே 2 இன்ச், கீழே 2 இன்ச் பிடி. அதற்கு இரு புறமும், பிடி லிம்போடு கலக்கும் 2 இன்ச் சரிவு. ஆக 8 இன்ச் வளையாத பகுதி, ஒவ்வொரு பக்கமும் 29 இன்ச் வளையும் லிம்ப். லிம்ப் அகலம் சரிவு முடியும் இடத்தில் 1¾ இன்ச், பாதி தூரம் அப்படியே போய் பிறகு நுனி நோக்கிக் குறுகும்.

கீழ் லிம்பை ஒரு இன்ச் குட்டையாக வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. முதல் வில்லுக்கு அது வேண்டாம். இரண்டும் சமமாக இருந்தால், பின்னால் எந்த நுனி மேலே என்பதை மாற்றிக்கொள்ளலாம். 6-ஆம் படியில் இது பெரிய உதவி.

நுனியின் இறுதி அகலம் அரை இன்ச். இப்போது முக்கால் இன்ச்சாகவே விடுங்கள். அந்தக் கூடுதல் 2 நூல் மரம்தான் நாணை நகர்த்தக் கைவசம் இருக்கும் சேமிப்பு. பிடியையும் அதேபோல் 1½ இன்ச் அகலச் சதுரக் கட்டையாகவே விட்டு வையுங்கள்.

3. பிடிக்கட்டையும் சரிவும்

8 இன்ச் நீளம், 1 இன்ச் தடிமன் உள்ள கட்டை. பலகையோடு சேர்ந்தால் பிடியின் ஆழம் 1¾ இன்ச். ரேகை பலகையின் ரேகையோடு ஒரே திசையில் இருக்கட்டும். வீட்டில் தேக்குத் துண்டு சும்மா கிடக்கிறதே என்று எடுத்து ஒட்டாதீர்கள். தேக்கில் உள்ள எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. தேக்குதான் வேண்டும் என்றால் ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்து உடனே ஒட்ட வேண்டும்.

இரண்டு முகமும் இடைவெளியின்றி உட்கார்ந்தால் மரப்பசை போதும், இறுக்கிக் கிளாம்ப் போடலாம். சிறு இடைவெளி இருந்தால் எபாக்சி. எபாக்சிக்கு அதே மாதிரி இறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கி, மூட்டு வறண்டுவிடும். எந்தப் பசையானாலும் 24 மணி நேரம் தொடாதீர்கள்.

சரிவில்தான் அதிகப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பிடியின் 1¾ இன்ச் ஆழம் லிம்பின் தடிமனுக்கு இறங்கும் அந்த 2 இன்ச்சில் இரண்டு மாற்றம் ஒன்றாக நடக்கிறது: ஆழம் கூடுகிறது, அகலம் குறைகிறது. எது முன்னால் நடக்க வேண்டும்? ஆழம்தான். லிம்பிலிருந்து பிடி நோக்கி வரும்போது முதலில் தடிமன் ஏற வேண்டும், குறைந்தது அரை இன்ச் தள்ளித்தான் அகலம் குறையத் தொடங்க வேண்டும்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மரத்தின் விறைப்பு அகலத்துக்கு நேர் விகிதம், தடிமனுக்கோ மும்மடி விகிதம். 1¾ இன்ச் அகலம் 1⅛ இன்ச்சாகக் குறைந்தால் விறைப்பில் 36 சதவீதம் போகும். அந்த இடத்தில் 5 நூல் தடிமன் 6 நூலாக ஏறினாலே அதற்கு ஈடாகிவிடும். ஆனால் ஈடானால் போதாது, பிடி அசையவே கூடாது. அசைந்தால் ஒட்டுக்கட்டையின் மெல்லிய முனை லிம்போடு சேர்ந்து வளைய முடியாமல் கிளம்பும். முதலில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், பிறகு சரிவு முனையில் மயிரிழைக் கோடு. அந்தக் கோட்டில் மெல்லிய சூப்பர் க்ளூ விட்டு நூல் சுற்றினால் சில காலம் நிற்கும். உண்மையான மருந்து, சரிவை ஒட்டிய முதல் 2 இன்ச் லிம்பைச் சற்றுத் தடிமனாக விட்டு, வளைவை வெளியே தள்ளுவது.

சரிவின் வடிவம் மெல்ல ஏறும் வளைவாக இருக்கட்டும். செங்குத்தான படி மாதிரி வெட்டினால் படியின் அடியில் அழுத்தம் குவிந்து லிம்ப் அங்கேயே மடங்கும்.

4. தாழ்வாக நாண் ஏற்றிப் பார்ப்பது

வில்லை வளைக்காமலே மாட்டக்கூடிய நீள நாணில் இழுக்கும்போது இரண்டு லிம்பும் 5 இன்ச் அளவுக்குச் சமமாக வளைந்த பிறகு, குட்டை நாணை 3 இன்ச் உயரத்தில் ஏற்றுங்கள். வில் இந்தக் கட்டத்தில் இலக்கு எடையைவிடக் குறைந்தது 10 பவுண்டு கூடுதலாக இருக்க வேண்டும். திருத்தத்துக்குச் சுரண்டும் ஒவ்வொரு முறையும் எடை குறையும் என்பதால்தான்.

நாண் ஏற்றியதும் உடனே இழுத்துப் பார்க்காதீர்கள். வில்லை மேசை மேல் முதுகு கீழே இருக்கும்படி கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். பிடியின் வயிற்றுப் பக்கத்தில் நடுக்கோட்டை மீண்டும் வரையுங்கள். நேர் மேலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். நாண் பிடிக்கு மேல் 3 இன்ச் உயரத்தில் நிற்கிறது. கண் நாணிலிருந்து 18 இன்ச் தூரத்தில் இருந்து, ஒரு இன்ச் பக்கவாட்டில் நகர்ந்தாலே நாண் ஒரு நூலுக்கு மேல் தள்ளித் தெரியும். இல்லாத கோணலைத் திருத்தப் போய் வில்லைக் கெடுத்தவர்கள் உண்டு. பிடியின் மேல் ஒரு சிறு கண்ணாடித் துண்டை வைத்து, நாணும் அதன் பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி பார்த்தால் கண் நேராக இருக்கிறது என்று அர்த்தம். அப்போது புள்ளி வையுங்கள்.

நாண் நடுக்கோட்டில் இருந்தால் நல்லது. அம்பு போகும் பக்கமாக 1 அல்லது 2 நூல் தள்ளியிருந்தால் இன்னும் நல்லது. அம்பு பிடியைச் சுற்றி வளைந்து போக வேண்டிய தூரம் குறைகிறது, அம்பின் விறைப்பில் சிறு பிழை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். மறுபக்கம் 1 நூலுக்கு மேல் போனால் திருத்த வேண்டும். நாண் பிடிக்கு வெளியிலேயே விழுந்தால் வில்லை மேற்கொண்டு வளைக்கவே கூடாது. அப்படிப்பட்ட வில் கையில் திரும்பும், நாண் ஏற்றும்போது புரண்டு முகத்தில் அடிக்கவும் கூடும்.

5. கோணல் எங்கிருந்து வருகிறது

திருத்தும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். நாணைக் கழற்றிவிட்டு, இரண்டு நுனியின் நடுவிலும் மெல்லிய நூலைக் கட்டி அதே இடத்தில் பாருங்கள்.

நூலும் கோணலாக விழுந்தால் குற்றம் மரத்தின் நேர்த்தன்மையில்: பலகை பக்கவாட்டில் வளைந்திருக்கிறது, அல்லது நடுக்கோடு தவறு. நூல் நேராக விழுந்து, நாண் ஏற்றினால் மட்டும் கோணினால் குற்றம் லிம்பின் தடிமனில்: ஒரு ஓரம் தடிமன், மறு ஓரம் மெல்லிசு. நாண் ஏற்றிய நிலையில் நுனியிலிருந்து பிடி நோக்கிப் பாருங்கள். எந்த லிம்ப் சாய்கிறது என்று அப்போது தெரியும். அந்த லிம்பில் 3 இன்ச்சுக்கு ஒரு இடமாக இரண்டு ஓரத்தின் தடிமனையும் காலிப்பரால் அளந்து மரத்தின் மேலேயே எழுதுங்கள். விரலால் தடவி உணர்வதைவிட இது நிச்சயம்.

6. திருத்தும் வரிசை

மரம் எடுக்காத வழி முதலில், அதிக ஆபத்துள்ள வழி கடைசியில்.

*தலைகீழாகத் திருப்புங்கள்.* வயிறு உங்கள் பக்கம் இருக்க, நாண் வலப்புறம் 1 நூல் தள்ளியிருந்தால் வில்லை மேல் கீழாக மாற்றுங்கள். இப்போது அதே தள்ளல் இடப்புறம். வலது கைக்காரருக்கு அம்பு இடப்புறம் போவதால் குறையே வசதியாகிவிட்டது. லிம்ப் இரண்டும் சமநீளம் என்பதால் எதுவும் கெடாது. மேல் லிம்ப் எது என்று இப்போதே எழுதிவிடுங்கள். இனி டில்லர் செய்யும்போது (லிம்புகள் சீராக வளையும்படி சுரண்டிச் சரிசெய்வது) மேல் லிம்ப் கீழ் லிம்பைவிட 1 நூல் அளவு அதிகம் வளையலாம்.

*தடித்த ஓரத்தைச் சுரண்டுங்கள்.* விதி ஒன்றுதான்: லிம்ப் மெலிந்த பக்கமாகச் சாயும். நுனியை இடப்புறம் நகர்த்த வேண்டுமானால் அந்த லிம்பின் வயிற்றில் இட ஓரத்தைச் சுரண்ட வேண்டும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வது வழக்கம். வலப்புறம் சாய்கிறதே என்று வலப்புறத்தையே சுரண்டுவார்கள், சாய்வு இரட்டிப்பாகும். எப்போதும் வயிற்றுப் பக்கம் மட்டுமே. முதுகைத் தொட்டால் ரேகை அறுந்து அங்கிருந்து நார் கிளம்பும். 10 இழுப்பு சுரண்டி, நாண் ஏற்றி, 20 முறை மெதுவாக வளைத்துவிட்டு, பிறகு பாருங்கள். சுரண்டிய விளைவு உடனே தெரியாது. அவசரப்பட்டால் அளவுக்கு மீறிப் போய்விடும்.

*நுனியை ஒரு பக்கமாகக் குறுக்குங்கள்.* முக்கால் இன்ச் நுனியை அரை இன்ச்சாக்கும்போது 2 நூலையும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தால், நுனியின் நடு எதிர்ப்பக்கம் 1 நூல் நகரும். நாண் இரண்டு நுனிக்கு நடுவே கட்டிய நேர்கோடு, ஆகவே ஒரு நுனி 1 நூல் நகர்ந்தால் பிடியில் நாண் அரை நூல்தான் நகரும். இரண்டு நுனியிலும் அதையே செய்தால் முழு 1 நூல். பலருடைய கோணல் இதிலேயே தீர்ந்துவிடும்.

*நாண்வெட்டு.* நுனியில் நாண் மாட்டும் பக்கவெட்டுகளை 1 நூல் ஆழத்துக்கு, வயிறு நோக்கி 45 பாகைச் சாய்வில் வட்ட அரத்தால் எடுங்கள். ஒரு பக்க வெட்டைச் சற்று ஆழப்படுத்தினால் நாண் மறுபக்கம் நகரும். மயிரிழை அளவுத் திருத்தத்துக்குத்தான் இது. பெரிய கோணலை இதில் சரிசெய்யப் போனால் நுனி ஒரு பக்கம் மெலிந்து பிளக்கும்.

*வெப்பம்.* மரமே பக்கவாட்டில் வளைந்திருந்தால் மட்டும். நுனியிலிருந்து 8 முதல் 10 இன்ச் தூரத்தில், லிம்ப் குறுகலாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எண்ணெய் லேசாகத் தடவி, ஹீட் கன்னை 3 இன்ச் உயரத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே, எதிர்ப்புறத்தில் கை வைக்க முடியாத சூடு வரும்வரை காட்டுங்கள். நேரான கனத்த கட்டையில் பக்கவாட்டில் கிளாம்ப் போட்டு, வேண்டியதைவிடக் கொஞ்சம் மிகையாக வளைத்து, முழுக்க ஆறவிடுங்கள். கழற்றியதும் ஓரளவு திரும்பும் என்பதால்தான் மிகை. ஒட்டுக்கட்டை பக்கம் சூட்டைக் கொண்டுபோகவே கூடாது. எபாக்சியும் மரப்பசையும் சூட்டில் இளகும். ஒரே கட்டையில் செய்த வில்லானால் பிடியையே ஆவியில் வேகவைத்து வளைக்கலாம்: ஒரு இன்ச் தடிமனுக்கு 1 மணி நேரம் என்பது கணக்கு. பிடியில் அரைப் பாகை திரும்பினாலே நுனி கால் இன்ச் நகர்ந்துவிடும்.

சூடு காட்டிய மரம் வறண்டு நொறுங்கும் நிலையில் இருக்கும். 2, 3 நாள் சும்மா வைத்து, காற்றின் ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள விடாமல் வளைக்காதீர்கள். ஆவியில் வைத்ததானால் நிலைமை நேர் எதிர், உள்ளே ஈரம் ஏறியிருக்கும். காய வாரக்கணக்கில் ஆகலாம்.

7. இப்போது பிடி

6 இன்ச் உயரத்தில் நாண் ஏற்றி, 24 இன்ச் இழுப்பு வரை டில்லர் முடிந்து, நாண் நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று மறுபடி பாருங்கள். நின்றால்தான் அரத்தை எடுக்கலாம். பிடியின் புதிய நடுக்கோடு நாண் விழும் கோடு, பழைய பென்சில் கோடு அல்ல. 1½ இன்ச் கட்டையிலிருந்து 1⅛ இன்ச் எடுக்கும்போது 3 நூல் மரம் போகிறது. இரண்டு பக்கமும் சமமாக எடுக்க வேண்டியதில்லை. நாண் இடப்புறம் 1 நூல் தள்ளி ஓடினால், இடப்புறம் அரை நூல் மட்டும் எடுத்து மீதி 2½ நூலை வலப்புறம் எடுத்தால் நாண் பிடியின் நடுவுக்கு வந்துவிடும். தள்ளலை அம்புப் பக்கமே வைத்துக்கொள்ள விரும்பினால் இரண்டு பக்கமும் 1½ நூல்.

நான்கு மூலையையும் முதலில் 45 பாகையில் சாய்வாக எடுத்து எட்டுப்பட்டை ஆக்குங்கள். எட்டுப்பட்டை நிலையில் இரு பக்கமும் சமமா என்று கண்ணுக்குத் தெரியும், உருட்டிய பிறகு தெரியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவை உட்காரும் இடத்தில் ஆழம் 1½ இன்ச்சுக்குக் கீழே போகக் கூடாது. உள்ளங்கை அழுந்தும் கீழ்ப்பகுதி கொஞ்சம் புடைப்பாக, 1¾ இன்ச்சாகவே இருக்கட்டும். சுற்றளவு சுமார் 4½ இன்ச் வரும். பெரிய கைக்காரர் ஆழத்தைக் கூட்டலாம், அகலத்தைக் கூட்டுவது அம்புக்கு இடைஞ்சல்.

கண்ணை மூடி, இயல்பாகப் பிடித்து, வில்லை உயர்த்திப் பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். நாண் ஒரு பக்கம் திரும்பியிருந்தால் பிடியின் வயிற்றுப் பக்கத்தில் ஒரு மூலை மற்றதைவிடத் துருத்துகிறது. அதைத் தேயுங்கள். அடுத்த முறையும் அதே பக்கம் திரும்பினால் இன்னும் தேயுங்கள்.

8. அம்பு உட்காரும் திட்டு

முதல் வில்லில் திட்டு வெட்டாதீர்கள் என்பது என் கட்சி. தடித்த தோலை ஆப்பு மாதிரி வெட்டி, பிடிக்கு மேல் விளிம்பில் ஒட்டி, தோல் சுற்றினால் அம்பு நன்றாகவே நிற்கும். தவறானால் பிய்த்து மாற்றி ஒட்டலாம்.

வெட்டத்தான் வேண்டும் என்றால் பிடியின் மேல் விளிம்பில், 2 நூலுக்கு மேல் உள்ளே போகாமல். 1⅛ இன்ச் பிடியில் அதன் பிறகு 7 நூல் அகலம் மிச்சம் இருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் பிடி அந்த இடத்தில் பக்கவாட்டில் நெளியும். உள்மூலையை ரம்பத்தால் கூர்மையாக வெட்டி விடாதீர்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும். வட்ட அரத்தால் உருட்டுங்கள். மேல் சுவர் 1½ இன்ச் உயரம் போய்ச் சரிவோடு மெதுவாகக் கலக்கட்டும். கலக்கும் இடத்தில் சரிவின் ஆழம் இன்னும் லிம்பைவிடத் தடிமனாக இருக்கிறதா என்று காலிப்பர் வைத்துப் பார்த்த பிறகே வெட்டைத் தொடங்குங்கள்.

9. எய்து பார்த்து முடிப்பது

முழு இழுப்பு வந்த பிறகு சுமார் 100 அம்பு எய்யும் வரை வார்னிஷ் பூச வேண்டாம், தோலும் சுற்ற வேண்டாம். லிம்ப் படிந்து அமரும்போது நாண் அரை நூல் வரை நகர்வது சகஜம். மீண்டும் கண்ணாடி வைத்துப் பார்த்து, தேவையானால் வயிற்றில் நாலைந்து இழுப்பு சுரண்டலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சரிவு முனையில் விரல்நகத்தை ஓட்டிப் பாருங்கள். கோடு தட்டினால் 3-ஆம் படிக்குத் திரும்ப வேண்டும்.

வில் சரியாக இருந்தும் அம்பு தொடர்ந்து இடப்பக்கம் போனால் பிடியைக் குறை சொல்லாதீர்கள். அந்த வில்லுக்கு அம்பு அதிக விறைப்பு. சற்று மெல்லிய தண்டை அல்லது கனமான முனையைப் போட்டுப் பாருங்கள், பிறகு தோலைச் சுற்றலாம். தோல் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த அளவு மாறிவிடும்.